முதல் கயிற்றின் விலை

முதல் கயிற்றின் விலை எண்ணூறு வெள்ளி. இரண்டாவது அறுநூறு. மூன்றிலிருந்து எட்டுவரை ஒரே விலை, முந்நூறு. குழுவாக வாங்கினால் தள்ளுபடி உண்டு.

ஸ்காட்லாந்துக்காரர்கள் பிணப்பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு கட்டுவார்கள். முதல் கயிறான தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கிய உறவுக்கு; மற்றவை சொந்தபந்தத்துக்கும் சிநேகிதர்களுக்கும். செவ்வாய்க் கோளில் குடியேறி மூன்று தலைமுறை ஆகியும் புது ஃபைஃப் குமிழ்நகரத்தார் அதை விடவில்லை. அங்கே பெட்டியின் எடை பூமியில் இருப்பதில் பாதிகூட வராது. ஒரே ஆள் இறக்கிவிடலாம். ஆனாலும் எட்டுப் பேர்தான்.

பிராணவாயு வரி ஏறிக் கழுத்தைப் பிடித்தபோது, ஊர்ச்சபை தன் வழக்கங்களை மொத்தமாக ஒரு பயண நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. கல்யாணம், புத்தாண்டு, சாவு, எல்லாம் அடக்கம்; பயணிகள் காசு கொடுத்து அவற்றில் பங்கெடுக்கலாம். புத்தாண்டு பிறந்ததும் வாசல் மிதிக்கும் முதல் ஆள் கறுத்த முடிக்காரராக இருந்தால் வீட்டுக்கு யோகம் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தச் சமயத்தில் தமிழ்ப் பயணிகளுக்கு அங்கே ஏக கிராக்கி.

பயணிகளின் காதுக்குள் பதித்த செவிப்பொறி ஸ்காட்ஸ் மொழியை உடனுக்குடன் தமிழாக்கிவிடும். ஆனால் அது யார் மனத்தையும் புண்படுத்தக்கூடாது என்று செய்யப்பட்ட பொறி. ஆகவே உண்மையில் என்ன சொன்னார்கள், அதற்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒன்பது வருடமாக அந்த ஆள் தேவகோட்டை உமையாள். வழக்கஞ்சொல்லி என்பது வேலையின் பெயர்.

அன்று டூகல்டின் அடக்கம். செத்தவரின் ஒரே மகள் இஷ்பெல், குமிழின் கூரைக்கு வெல்டிங் வைப்பவள், உமையாளை வழியில் மடக்கினாள்.

"தலைக்கயிறு என்னோடது. எங்கப்பனை நான் இறக்காம வேற எவன் இறக்குறது?"

"வித்துட்டாங்க, இஷ்பெல்."

"யாரு வித்தது? நானா?"

உமையாளுக்குக் கோபம் வந்தது. நிறுவனத்தின் மேல், ஊர்ச்சபையின் மேல், சாவை விலை பேசி வாங்கிய எட்டுப் பேர் மேல். அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டு, முதல் கயிற்றை வாங்கியவரிடம் பேரம் பேசப் போனாள். காரைக்குடி சாத்தப்பன் வாடகைக் கறுப்புக் கோட்டைத் தடவிவிட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அந்தப் பொண்ணுதான் மக. கயித்தை அவகிட்ட விட்டுருங்க. உங்களுக்கு அஞ்சாவதை வாங்கித் தாரேன்."

"அஞ்சாவது ஓரத்துலயில்ல இருக்கு?"

"புத்தாண்டுக்கு ரெண்டு வீட்டு வாசல் இலவசமா மிதிச்சுக்கங்க."

"ஆச்சி, நீங்களும் நம்ம பக்கம்தானே? தலைமாட்டுல நின்னாத்தான் படத்துல முகம் விழும். வித்த சரக்கைத் திரும்பக் கேக்குறது என்ன யாவாரம்?"

குழிமேட்டில் எட்டுப் பேரும் கயிறு பிடித்தார்கள். பெட்டி பாதி இறங்கியபோது சாத்தப்பனின் மணிக்கட்டுத் திரை கூவியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! ஒரு நிமிசம்!" என்றார் சாத்தப்பன்.

"ஹாட் யெர் வீஷ்ட்!" என்று சீறினாள் இஷ்பெல்.

எட்டுச் செவிப்பொறிகளும் தேனாகச் சொல்லின: தயவுசெய்து அமைதி காக்கவும்.

"வாயை மூடுன்னு சொல்றா," என்றாள் உமையாள்.

சாத்தப்பன் சட்டை செய்யவில்லை. "ஆச்சி, இங்கன வாங்க. ரெண்டு கையும் கயித்துல இருக்கு. இந்தத் திரையைக் கழட்டி என் கட்டைவிரல்ல ஒத்தி எடுங்க."

"எதுக்கு?"

"என்னைப் பெத்த அப்பச்சி நேத்துத் தவறிட்டாக. இப்ப ஊர்ல கொள்ளி வைக்கணும். பிள்ளைப்பொறி அனுமதி கேக்குது."

பிள்ளைப்பொறி என்பது, வர முடியாத மகனின் உருவத்தையும் நடையையும் போட்டுக்கொண்டு காரியம் செய்யும் வாடகை இயந்திரம். திரையில் அது தோளில் குடத்தோடு மயானத்தில் நின்றது. சாத்தப்பனின் தொந்திகூட அச்சு அசலாக இருந்தது. பூமியிலிருந்து வந்த அந்தப் படம் பன்னிரண்டு நிமிடம் பழையது. அனுமதி போய்ச் சேர இன்னொரு பன்னிரண்டு.

"உடம்பு முடியாம இருந்தது தெரியாதா உங்களுக்கு?"

"கிளம்புறப்பவே படுக்கையிலதான் கிடந்தாக. டிக்கெட்டு போட்டாச்சு. வீணாக்க முடியுமா?"

"என்னவாம் அவனுக்கு?" என்றாள் இஷ்பெல்.

இத்தனை வருடமாக அவர்கள் வழக்கத்தை நம்மவர்களுக்குச் சொன்னவளிடம் முதன்முறையாகக் கேள்வி எதிர்ப்பக்கமிருந்து வந்தது. உமையாள் எதையும் பூசி மெழுகாமல் ஸ்காட்ஸிலேயே சொன்னாள்: யார் செத்தது, எது கொள்ளி வைக்கிறது, யாருடைய விரலுக்காக அது காத்திருக்கிறது.

"இது உங்க ஊரு வழக்கமா?"

உமையாள் திரையில் நின்ற பொறியைப் பார்த்தாள். "ஆமா," என்றாள்.

இஷ்பெல் நேராக வந்து சாத்தப்பன் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினாள். "இப்ப உன் கை காலி. நீயே வை."

"அப்ப என் எண்ணூறு வெள்ளி?"

"என் சம்பளத்துல பிடிச்சுக்கட்டும்!" உமையாளின் குரல் குமிழின் கூரையில் மோதித் திரும்பியது. "முதல்ல விரலை வைங்க அண்ணே. அங்க ஒரு மனுசன் கட்டையில கிடக்காக."

வைத்தார். வைத்துவிட்டுக் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார். பெட்டி மீண்டும் இறங்கத் தொடங்கியது. மூன்றாம் கயிற்றுக்காரர் அவர் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"அண்ணே, அந்தப் பொறி வாடகை எவ்வளவு? எங்காத்தாளுக்கும் ரொம்ப முடியலை."

"முன்னாடியே சொல்லிவச்சா சகாயமாக் கிடைக்கும். எத்தனை பேருக்கு?"

பெட்டி செம்மண்ணைத் தொட்டது. இஷ்பெல் கயிற்றைக் கடைசியாக விட்டாள்.

அன்றைய கணக்கு: கயிறு எட்டில் விற்றது ஏழு, திரும்பியது ஒன்று. பிள்ளைப்பொறிக்குக் குழிமேட்டிலேயே முன்பதிவு மூன்று. வழக்கஞ்சொல்லிக்குப் பிடித்தம் எண்ணூறு வெள்ளி. செத்தவர்கள் இரண்டு பேர். வந்து நின்ற பிள்ளை ஒன்று. பாக்கி ஒன்று.