பாய்மரத்து உச்சி விளக்கு

வெயில் தாழ்ந்த நேரத்தில் வயர்மேன் படகுத்துறைக்கு வந்தான். அந்தப் பாய்மரப் படகின் சொந்தக்காரி தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரவு மகளோடு கடலுக்குக் கிளம்புகிறாள். அதற்குள் பாய்மரத்து உச்சி விளக்குக்குப் புது வயர் போட்டாக வேண்டும்.

"இந்த வயர் போதுமா தம்பி? மெல்லிசா இருக்கே."

"பேட்டரியிலேருந்து உச்சி வரைக்கும் அளந்துதான்கா எடுத்தேன். தாராளமா போதும். இது நமக்குப் புதுசா என்ன?"

அவள் மகளை அழைத்துவர இறங்கிப் போனாள். அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. கரண்ட் மேலே போனால் மட்டும் போதாது, பேட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டும். அவன் போகும் தூரத்தை மட்டும் அளந்திருந்தான். இரண்டு மடங்கு தூரத்துக்கு இந்த வயர் மிகவும் மெல்லிசு. விளக்கு மங்கும். மங்கின விளக்கு இருட்டில் எந்தக் கப்பல்காரன் கண்ணிலும் படாது.

சொல்லிவிடலாம். ஆனால் அவ்வளவு ஜம்பமாகப் பேசிவிட்டு, இப்போது முகத்தை எங்கே கொண்டு வைப்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. எரியத்தானே போகிறது என்று பாய்மரக் குழாயின் அடியிலிருந்து வயரை மேலே தள்ளினான்.

மேலிருந்து யாரோ இழுத்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தான். உச்சியில் யாரும் இல்லை. வயர் மட்டும் அவன் உள்ளங்கையை உரசிக்கொண்டு சரசரவென்று ஏறியது. பிறகு நின்றது. நாள்பட்ட ஈரத்துணி வாடை அடித்தது.

குழாய்க்குள் ஏதோ இறங்கியது.

மேலே போன வயரின் முனை திரும்ப அவன் காலடியில் வந்து விழுந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"நானும் போறதை மட்டும்தான் அளந்தேன்." குழாய்க்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் கிசுகிசுத்தது.

அவன் விழுந்தடித்துக் கரைக்கு ஓடினான். எதிரே மகளோடு வந்தவள் முன்னால் தலை நிமிரவில்லை.

"தப்பா அளந்துட்டேன்கா. தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். தடிமனான வயர்தான் போடணும்."

அவள் படகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன தடவை என் வீட்டுக்காரரே வயர் போட்டாரு. கப்பல் வந்து இடிச்சப்போ விளக்கு எரிஞ்சுகிட்டுதான் இருந்துச்சாம். யார் கண்ணுக்கும் தெரியலை. படகை மட்டும்தான் இழுத்துட்டு வந்தாங்க."

தடிமனான வயரைப் போட்டு முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சுவிட்சைப் போட்டான். உச்சி விளக்கு பளீரென்று எரிந்தது.

அந்த வெளிச்சத்தில், தளத்தின் நடுவே ஒரு நிழல் விழுந்தது. பாய்மரத்து உச்சியில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் நிழல். இரு கைகளாலும் முகத்தை மூடியிருந்தது.

அவள் அண்ணாந்து பார்த்து மெல்லச் சொன்னாள்.

"போனது போகட்டும். இறங்கி வாங்க."

நிழல் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டது.