தறி நிற்காத வீடு

ஹேமலதா கண் விழித்தபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஓடுகிற மாதிரி கேட்கட்டும் என்றுதான் கைபேசியில் பதிந்த தறிச் சத்தத்தைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தாள். தலைக்கு மேலே பாவு நூல்கள் பந்தல்போல விரிந்திருக்க, அதற்கடியில் பாயில் கிடந்தபடியே, நூலேந்திய நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்வதையும், அச்சுப் பலகை வந்து அடிப்பதையும், உச்சியில் பூ வேலைக்கான ஜக்கார்டு பெட்டி கிறீச்சென்று முனகுவதையும் அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். மணி பார்க்கலாம் என்று கைபேசியை எடுத்தாள். சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது. அலமாரி மேலிருந்த ஸ்பீக்கரிலும் விளக்கு அணைந்திருந்தது.

தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முழங்கையை ஊன்றி எழுந்தாள். சத்தம் பாதி அடியில் நின்றது. உட்காரும் பலகையில் யாரும் இல்லை. நாடாவை இழுக்கும் கயிறு மட்டும், அப்போதுதான் யாரோ கையை விட்ட மாதிரி, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பயமல்ல. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்குமா, நான் தூங்கியது தெரிந்திருக்குமா என்பதுதான்.

சேவூர்ப் பக்கம் அந்தத் தெருவில் எந்த வீட்டுத் தறி எப்போது நின்றது என்பது நாலு வீட்டுக்குத் தெரியும். உடம்புக்கு முடியவில்லை என்று தறியை நிறுத்தலாம். சாவுக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், இழை அறுந்துபோனது என்று சொல்லலாம். தூக்கம் வந்தது, தூங்கினேன் என்று மட்டும் சொல்ல முடியாது. அதைவிட, யாரோடோ சினிமாவுக்குப் போனேன் என்று சொன்னால்கூடத் தெரு இரண்டு நாள் பேசிவிட்டு விட்டுவிடும். மருத்துவ முகாமில் ரத்தம் குறைவு என்று சொன்ன நர்ஸம்மாவும், சாயங்காலம் நன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால் மத்தியானம் கொஞ்சம் படுங்கள் என்றுதான் சொன்னாள். தூக்கம் வந்தால் தூங்கு என்று ஹேமலதாவிடம் பிறந்ததிலிருந்து ஒருவரும் சொன்னதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அபிதகுசாம்பாள். ஹேமலதாவின் புருஷன் சதீஷுக்கு அத்தை முறை. தறி ஓய்ந்து கொஞ்ச நேரம் போனால் போதும், குரல் வரும்.

"இன்னா ஹேமா, சத்தமே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இழ அறுந்துபோச்சு அத்தை, முடிஞ்சிகினு கீறேன்" என்பாள் ஹேமலதா, பாயில் படுத்தபடியே. அத்தை அக்கறையாகத்தான் கேட்பாள். அந்த அக்கறைதான் ஹேமலதாவைக் கூனிக் குறுக வைக்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் நிலா, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் இதே பாயில் விழுந்து தூங்குவாள். வாய் திறந்து, கை கால் பரப்பி, உலகத்தில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவள் மாதிரி தூங்குவாள். இந்த வயசில் நான் ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றினேன், இதுவும் சுற்றட்டுமே என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சதீஷும் அதையே சொன்னான். அன்றைக்குத்தான் ஹேமலதா கல்யாணமாகி முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். அவன் பவர்லூம் ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டே, "உன் தறி நிக்காம ஓடட்டும், கொழந்தய நான் கேக்கமாட்டேன்" என்றான். அன்றிலிருந்து தறிச் சத்தம்தான் நிலாவின் தூக்கத்துக்குக் காவல்.

ஆனால் அவள் உடம்பு கேட்கவில்லை. மத்தியானம் சோறு உள்ளே போனதும் கண் சொருகும். நெய்துகொண்டே தூங்கி இரண்டு முறை சேலையில் பூ மாறிப்போனது. அப்போதுதான் ஒரு காலையில் தன் தறிச் சத்தத்தைத் தானே கைபேசியில் பதிந்தாள். திருடிகூட இவ்வளவு கூசியிருக்க மாட்டாள். மத்தியானம் கதவைச் சாத்தி, ஸ்பீக்கரில் அதை ஓடவிட்டு, பாவுக்கு அடியில் சுருண்டுகொண்டாள். தூங்கிய நேரத்துக்கு ஈடாக விடியுமுன் எழுந்து நெய்தாள். அதனால் அது ஏமாற்று ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இப்போது அந்தச் சத்தம் கைபேசி இல்லாமலே ஓடியிருந்தது.

தறியில் உட்கார்ந்து பார்த்தாள். உட்காரும் பலகை வெதுவெதுப்பாக இருந்தது. அரக்குச் சேலையில் நாலு விரற்கடை கூடியிருந்தது. அடி ஒவ்வொன்றும் ஒரே சீர். அவள் கையில் அப்படி வராது, சோர்ந்தால் ஒரு பக்கம் இளகும். கால்மிதி இருக்கிற தறிக்குழிக்குள்ளிருந்து ஈரமண் வாசனையோடு தேங்காயெண்ணெய் வாசனையும் வந்தது. அவள் தலைக்கு வைக்கிற அதே எண்ணெய்.

மறுநாள் அவள் சத்தத்தைப் போடவில்லை. படுக்கவும் கூடாது என்று உட்கார்ந்திருந்தாள். எப்போது பாய்க்கு வந்தாள் என்று தெரியாது. விழித்தபோது தறி நின்றது, சேலை ஒரு முழம் வளர்ந்திருந்தது.

அந்த வாரம் சேலையைப் பார்த்த, நூல் கொடுக்கும் முதலாளியின் ஆள், இந்த மாதிரி அடி ஆரணியிலேயே நாலு பேருக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனான். சதீஷ் ராத்திரி அவள் தட்டில் தானே குழம்பு ஊற்றினான். அத்தை சுவருக்கு அப்பாலிருந்து, இப்போதுதான் உனக்குப் பொறுப்பு வந்திருக்கிறது என்றாள். யாரோ செய்த வேலைக்கு வந்த பாராட்டையெல்லாம் ஹேமலதா தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.  

சொல்லிவிடலாம் என்று பல முறை வாயெடுத்தாள். வீட்டில் ஏதோ இருக்கிறது என்று சொன்னால் நம்பியிருப்பார்கள்; படவேட்டு அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் சுற்றியிருப்பார்கள். ஆனால் சதீஷ் அடுத்து ஒன்று கேட்பானே. அது நெய்தபோது நீ என்ன செய்தாய் என்று கேட்பானே. பேயைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. தூக்கத்தைச் சொல்லத்தான் வெட்கம். அதனால் சொல்லவில்லை.

நாளாக ஆகத் தூக்கம் கனத்தது. முன்பு அவள் முழங்கையை ஊன்றினாலே சத்தம் நிற்கும். பிறகு எழுந்து உட்கார்ந்தால்தான் நின்றது. ஒருநாள் எழுந்து நின்ற பிறகும் இரண்டு அடி விழுந்தது. அவளுக்காக நிறுத்துவதா வேண்டாமா என்று அது யோசித்த மாதிரி இருந்தது.

அன்று நிலாவுக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். சாப்பிட்ட கையோடு குழந்தை அம்மாவின் வயிற்றில் தலைவைத்துப் படுத்து, அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டது. அந்தச் சூடு, வெயிலில் காய்ந்த சீருடை வாசனை, தெருக்கோடியில் டவுன் பஸ் திரும்புகிற உறுமல், மேலே பாவின் இழைகளுக்கு நடுவே ஓட்டுச் சந்து வெளிச்சம் கோடு கோடாக நகர்ந்தது, எல்லாம் சேர்ந்து ஹேமலதாவைக் கீழே இழுத்தன. குழந்தையைக் கையால் அணைத்துக்கொண்டாள்.

சத்தத்தில் விழித்தாள்.

கண் மட்டும்தான் திறந்தது. கை வரவில்லை. கால் வரவில்லை. வயிற்றில் சூடு இருந்தது, குழந்தை இருந்தாள். அதுவரைக்கும் நிம்மதி.

தறியைப் பார்த்தாள்.

பலகையில் உட்கார்ந்திருந்தது. பாவின் இழைகளுக்கு ஊடே தெரிந்தது. அவளுடைய நைட்டி. அவளுடைய கை. அவளுடைய முகம், ஆனால் ஒரு நாளும் களைத்திராத முகம். கண் கொட்டவில்லை. ஒரு தடவைகூட.

அது நெய்துகொண்டே கீழே பார்த்தது. ஹேமலதாவை அல்ல. குழந்தையை.

கத்த வேண்டும். வாய் வரை வந்தது. குரல் இருந்தது, நாக்கு அசைந்தது, கத்தியிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை. கத்தினால் ஓடி வருவாள். கதவைத் திறப்பாள். நடுப்பகலில் பாயில் கிடப்பதைப் பார்ப்பாள்.

அந்த ஒரு யோசனை. அவ்வளவுதான். அதற்குள் நாக்கு மரத்துப்போனது.

ஒரு கை தறியில் இருந்தது. இன்னொன்று கீழே வந்தது. நீளமாக வந்தது. நிலாவின் தோளைத் தொட்டது.

குழந்தை எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா" என்றாள். தறியைப் பார்த்துச் சொன்னாள்.

வயிற்றில் சூடு போய்விட்டது.

நிலா தறியை ஒட்டிய மூலையில் இருந்த ராட்டைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். யாரும் கற்றுத்தரவில்லை. சுற்றத் தெரிந்தது அவளுக்கு. கர்ர். கர்ர்.

சுவருக்கு அப்பால் அத்தை சிரித்தாள். "ராட்ட சத்தமும் கேக்குதே. பாப்பாவுமா ஒக்காந்துகினா? இப்பதான் ஹேமா, வீடு வீடா கீது."

நிலாவுக்குத் தலை சாய்ந்தது. தூங்கு, தூங்கு கண்ணு என்று ஹேமலதா உள்ளுக்குள்ளேயே கெஞ்சினாள்.

அந்தக் கை மறுபடி வந்தது. கோபமில்லாமல். குழந்தையின் பின்னலை மெதுவாக எடுத்தது. மிதியோடு ஏறி இறங்கும் ஜக்கார்டுக் கயிற்றில் சேர்த்து முடிந்தது.

மிதி அழுந்தியது. தலை நிமிர்ந்தது. மிதி எழுந்தது. தலை தொங்கியது. மறுபடி நிமிர்ந்தது. குழந்தையின் கண்கள் திறந்தே இருந்தன.