சுடலைமுத்து மீதான வழக்கு

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குடியிருப்பில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை இறந்துபோன ஒருவரைக் கூண்டில் ஏற்றுவார்கள். வரலாற்றுப் பாடம் என்றால் அங்கே அதுதான். பூமியில் எவனெவனோ இணையத்தில் ஏற்றிவைத்த படமும் காணொளியும் குரலும் மூலச்சான்றுக் களஞ்சியத்தில் அப்படியே கிடந்தன. வகுப்பு அதைத் திறக்கும், பார்க்கும், தீர்ப்புச் சொல்லும்.

சான்றைப் பதிந்துவிட்டுப் போனவன் ‘சாட்சி’. அவன் வாரிசுகளுக்கு வெயில் விழும் மேலடுக்கில் வீடு. சான்றைக் கெடுத்தவன் ‘மறைப்பன்’. அவன் வாரிசுகளுக்குக் கீழடுக்கு. அங்கே சூரியன் என்பது பாடத்தில் வரும் ஒரு சொல் மட்டுமே. இவ்வளவு அதிகாரம் சிறுபிள்ளைகளிடமா என்று யாரும் கேட்டதில்லை. பெரியவர்கள் என்றால் வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பார்களாம்.

அன்று களஞ்சியம் எடுத்துப் போட்ட பெயர் சுடலைமுத்து. ஆசிரியர் செம்பியனின் முப்பாட்டனுக்கு முப்பாட்டன்.

செம்பியன் குடியிருந்தது மேலடுக்கில். அவர் மகளுக்கு எலும்பு நோய். வெயில் இருக்கும்வரை ஏதோ நடமாடுவாள். கீழே போனால் படுக்கைதான். ஆனாலும் பாடத்தை ஆரம்பித்தார். ஆரம்பிக்காமல் இருக்க விதியில் இடமில்லை.

பிள்ளைகள் வலக்கையை விரித்து உயர்த்தினார்கள். ஒவ்வோர் உள்ளங்கையிலும் ஒரு கண். காண்பதைப் பதிய, ஐந்தாவது பிறந்தநாளில் பொருத்துவது. கண் முன்னால் நடப்பதைப் பதியாமல் விடுவது அந்த ஊரில் கூடத்தில் எச்சில் துப்புவதற்குச் சமம்.

சுவரில் பூமி விரிந்தது. மழை. ரயில் பாலத்துக்குக் கீழே சுரங்கப்பாதையில் மூழ்கிக்கொண்டிருக்கும் பள்ளி வேன். அதன் கூரைமேல் சீருடையில் ஒரு சிறுமி. கரையில் கூட்டம், கூட்டம் முழுக்கக் கைபேசி. எல்லாக் காணொளியிலும் அவள் முகம்தான். அழுவது, மூக்கு ஒழுகுவது, உதடு நடுங்குவது, எல்லாம் துல்லியம்.

சுடலைமுத்துவின் பதிவு மட்டும் வேறு மாதிரி. முதலில் சிறுமி. சட்டென்று படம் உருண்டது. வானம், சேறு, யாரோ ஓடும் சத்தம். அப்புறம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பின் இருட்டு.

“முக்கியமான நேரத்துல ஓடிட்டார் சார்,” என்றாள் கவினி. அந்த வாரம் அவள்தான் வழக்கறிஞர்.

“செருப்பைக்கூட விட்டுட்டு ஓடியிருக்காரு, பயந்தாங்கொள்ளி,” என்றான் உதியன். வகுப்பு சிரித்தது.

செம்பியன் சிரிக்கவில்லை. செருப்பின் முனை இரண்டும் தண்ணீரைப் பார்த்திருந்தன. ஓடுகிறவன் செருப்பை நின்று கழற்றுவானா? அவர் கூட்டத்தின் மற்றப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்றில், சிறுமியின் முகத்துக்குக் குறுக்கே ஒரு தோள் வந்தது. படம் பிடித்தவனின் குரல் சீறியது.

“யோவ், குறுக்க போகாதய்யா! மறைக்குதுல்ல!”

தோள் தண்ணீருக்குள் இறங்கியது. அங்கிருந்து இன்னொரு குரல். “எலேய், எவனாச்சும் ஒரு கயித்தப் போடுங்கலே!”

யாரும் போடவில்லை. படம் சிறுமியை இன்னும் கிட்டத்தில் காட்டியது. பிறகு கூரை காலி. “ச்சே, போச்சுடா,” என்றான் படம் பிடித்தவன். அவன் கைபேசியைத் தாழ்த்தியபோது சட்டகத்தின் ஓரத்தில் ஒரு நொடி தெரிந்தது: சேற்றில் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கும் சிறுமி, பக்கத்தில் வெறுங்காலோடு மூச்சு வாங்கும் ஒரு மனிதன்.

செம்பியன் அந்த நொடியை நிறுத்தி வைத்தார். இத்தனை ஆண்டுகள் இந்தக் களஞ்சியத்தைப் படித்திருக்கிறார். இப்படி ஒருவன் அதில் கிடப்பான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

“பாத்தீங்களா? அவர் ஓடலை. குதிச்சிருக்கார். அந்தப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருக்கார்!”

வகுப்பு உறைந்திருந்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தன்னைப் போலவே அவர்களும் அதிர்ந்துவிட்டார்கள் என்று செம்பியன் எண்ணினார். அது சரிதான். எதற்காக என்பதில்தான் தப்புக் கணக்கு.

“அப்படின்னா பயத்துல இல்ல சார்,” என்றாள் கவினி மெல்ல. “வேணும்னே பதிவைக் கீழ போட்டிருக்கார். போதாக்குறைக்கு அடுத்தவங்க சான்றையும் மறைச்சிருக்கார்.”

“ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்காரும்மா!”

“அந்தப் பொண்ணு எப்படியும் எப்பவோ செத்துப்போயிருக்கும் சார். பதிவுதான் நிக்கும். நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?”

சொல்லிக்கொடுத்திருந்தார். அதே குரலில், அதே இடத்தில் நின்று.

எல்லா உள்ளங்கைகளும் உயர்ந்தன. சுடலைமுத்து மறைப்பன். கரையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சாட்சிகள். வாதத்தில் ஓட்டை இல்லாததால் செம்பியன் கவினிக்கு முழு மதிப்பெண் போட்டார்.

பாடம் முடிந்ததும் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்மேல் அவர்களுக்குப் பிரியம் உண்டு. கவினியின் கண்கள் கலங்கியிருந்தன.

“எப்ப சார் வீட்டைக் காலி பண்றீங்க? நாங்க எல்லாரும் வர்றோம்.”

செம்பியன் களஞ்சியத்தை மூடினார். “நாளைக்கே பண்ணச் சொல்வாங்க. பொண்ணால ஏணி இறங்க முடியாதுப்பா. ரெண்டு பேர் ஒரு கை குடுத்தா போதும், தூக்கிடலாம்.”

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உதியன்தான் சங்கடத்தோடு சொன்னான்.

“தூக்கினா உள்ளங்கைக் கண்ணு மறைஞ்சிடும் சார். நீங்க தூக்குங்க. நாங்க சுத்தி நின்னு எடுக்குறோம்.”