நடுவில் நின்ற செல்

செத்த செல் நகராது. மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் முதுகு வளைந்தே போன செல் உயிரியல் பேராசிரியைக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இப்போது லென்ஸுக்குக் கீழே இருந்த செல், சுவரில் மாட்டியிருந்த படத்தில் இருக்கிற மாதிரி இல்லை.

"ஸ்லைடு மாறிப்போச்சோ, மேடம்?" என்றார் டெக்னீஷியன்.

"லேபிள்ல என் கையெழுத்துதான் இருக்கு. என் கைத் தோல்ல இருந்து எடுத்ததுதான்."

"அப்ப உங்களோட சேர்ந்து அதுக்கும் வயசாயிடுச்சு போல." சிரித்துக்கொண்டே அவர் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார். கனத்த கறுப்புத் திரை அவருக்குப் பின்னால் விழுந்து மூடிக்கொண்டது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் பகலும் இருட்டுதான்.

மாணவியாக இருந்தபோது அவள் தன் முன்கையிலிருந்து கடுகளவு தோலைக் கிள்ளியெடுத்து, கிண்ணத்தில் செல்களாக வளர்த்து, அதில் ஒன்று இரண்டாகப் பிரியப் போகிற கணத்தில் ஃபார்மலினை ஊற்றிக் கொன்று, நீலச் சாயம் ஏற்றி, கண்ணாடிக்குள் ஒட்டிவைத்திருந்தாள். குரோமோசோம்கள் நட்டநடுவில் ஒரே வரிசையாக, பிரிவதற்குத் தயாராக நின்ற அந்தப் படம்தான் அவளுக்கு வேலை, பதவி, பெயர் எல்லாம் வாங்கித் தந்தது. ஓய்வுபெறும் நாளில் எல்லோருக்கும் காட்டலாமென்று இன்றுதான் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாள்.

வரிசை நடுவில் இல்லை. இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

ஸ்லைடைத் திருப்பி வைத்துவிட்டோமோ என்று எடுத்துப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. லென்ஸைத் துடைத்தாள். கேமராவை மாட்டிப் பெரிய திரையில் பார்த்தாள். குளிர்சாதனத்தின் ஒரே சீரான முனகல், லென்ஸ் எண்ணெயின் வாசனை, கருவியின் சூட்டில் காயும் தூசியின் மணம், மூலையில் மினுக்கும் பச்சை விளக்கு, எல்லாம் என்றும்போலவே இருந்தன. அந்த நீல இழைகள் மட்டும் சேற்றில் புழு நெளிகிற வேகத்தில் இடப்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தன.

பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அதுதான் முறை. இங்கே எல்லாமே ஒரே பக்கம் போயின.

செல்லின் இடுப்பு ஒடுங்கத் தொடங்கியது. யாரோ நூல் கட்டி இறுக்குவதுபோல.

அவள் வயிற்றுக்குள்ளும் ஏதோ இறுகியது. கருவியின் விளக்கை அணைக்கக் கை நீட்டினாள். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. தினமும் தொட்ட கருவி. எண்ணெய் வாசனை வரவில்லை. தூசியின் மணம் வரவில்லை. மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். கண் வந்தது. மூக்கு வரவில்லை. பிறகு கண்ணும் போயிற்று.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஹலோ, யாருங்க?" கணவர்தான்.

"நான்தாங்க... எனக்கு என்னமோ பண்ணுது. உடனே வாங்க."

"நான்னா யாரு?"

"என்னங்க இது, என் குரல் கூடவா தெரியல?"

போனில் அவருக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம். குழாய் நின்றது. ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யாரோ பக்கத்தில் வருகிற அரவம். செருமல். அது அவளுடைய செருமல்.

"போன்ல யாருங்க?" என்று கேட்டது அவளுடைய குரல்.

"தெரியலம்மா." கணவர் குரலைத் தாழ்த்தினார். "உன்னை மாதிரியே பேசுது."

"பேரைக் கேளுங்க."

"உங்க பேர் என்னங்க?"

வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

"வெச்சிருங்க," என்றது அந்தக் குரல், பரிவாகவே. "பாவம்."

போன் அடங்கியது.

திரையில் நூல் அறுந்தது. இப்போது இரண்டு செல்கள். இடப்பக்கத்தில் இருந்தது உருண்டு திரண்டு, உள்ளே நீலம் ததும்ப நின்றது. வலப்பக்கத்தில் இருந்ததற்குள் ஒன்றுமே இல்லை. வெறும் தோல்.

உள்ளே ஒன்றும் இல்லாத செல் உடனே சாகாது. கொஞ்ச நேரம் ஊரும். இதை அவள் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். எந்த வகுப்பில்?

வெறும் செல் மெல்லக் கால் நீட்டியது. தடவித் தடவி மற்றதை நோக்கி ஊர்ந்தது.

மற்றது விலகிப் போனது.