அப்பாவின் மூக்குக்கு என்ன ஆச்சு?

அப்பா ஈஸ்ட் கிண்ணத்துக்குள் மூக்கை விட்டார். எடுத்தார். மறுபடியும் விட்டார்.

"என்னப்பா, உள்ளே எதையாவது போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள் பட்டாணி.

"ஒண்ணுமில்லடா, நீ போ" என்றார் அப்பா. அவர் முகம் வெளுத்திருந்தது.

பட்டாணிக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். ஆனால் ஓர் இடத்தில் நில் என்றால் உருண்டு ஓடிவிடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அன்று அவளுக்குச் சளி. அதனால்தான் ஓடாமல் நின்றாள்.

வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவின் பேக்கரி. மாவு சரியாகப் புளித்ததா, ரொட்டி வெந்ததா என்று அவருக்குக் கடிகாரம் சொல்ல வேண்டாம், மூக்கு சொல்லிவிடும். அந்தத் தெருவில் யார் வீட்டில் பால் பொங்கினாலும் முதலில் கத்துகிறவர் அவர்தான்!

ஆனால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் எழுந்தால் இடது கால் விரல்கள் தானாக மடங்கிக்கொள்ளும், வலியில் உயிர்போகும். உடம்பு மரக்கட்டையாக விறைத்துவிடும். மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சட்டைப் பொத்தானே போட முடியும்.

மாடி அறையில் பெரிய மாமா இருந்தார். அம்மாவின் மூத்த அண்ணன். அவருக்கும் அதே நோய்தான். ஆனால் அவருக்கு வலது கை ஓயாமல் நடுங்கும். வாசனையே தெரியாது. கை நடுங்க ஆரம்பிப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே அது போய்விட்டதாம்.

"ஒரே வீட்டில் ரெண்டு பேர்! நானும் மாப்பிள்ளையும் கூட்டணி" என்பார் மாமா. எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று சாப்பிடும்போது அப்பா திடீரென்று சொன்னார்: "கடையைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். மாவு மில்காரர் வாங்கிக்கிறேங்கிறார். வெள்ளிக்கிழமை அடுப்பைப் பார்க்க வர்றார்."

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. "என்னங்க சொல்றீங்க? இப்ப என்ன வந்தது?"

"மூக்கு போச்சு. ரெண்டு நாளா எந்த வாசனையும் தெரியலை. மச்சானுக்கு முதல்ல போனது எனக்கு இப்பப் போகுது. அடுத்தது கைதான். வாசனை தெரியாதவன் எதுக்குப் பேக்கரி வச்சிருக்கணும்?"

மாமா நடுங்கும் கையை மேஜைக்குக் கீழே மறைத்துக்கொண்டார். தானே ஏதோ தப்பு செய்துவிட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டார். பட்டாணிக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை.

"அச்!" அவளுக்குத் தும்மல் வந்தது.

"முதல்ல நீ, இப்ப உங்கப்பா. வீடு முழுக்கச் சளி" என்று முணுமுணுத்தாள் அம்மா.

பட்டாணிக்குச் சட்டென்று ஏதோ தோன்றியது. எழுந்து போய் ஒரு வெங்காயத்தை நறுக்கி முகர்ந்து பார்த்தாள். ஊஹும். மறுபடியும் முகர்ந்தாள். கண்தான் எரிந்தது.

"அப்பா, எனக்கும் வாசனை தெரியலை!"

"உனக்குச் சளிடா."

"உங்களுக்கும்தானே? காலையிலேருந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருக்கீங்க."

"பட்டாணி! எனக்கு வந்தது என்னன்னு எனக்குத் தெரியும். பேசாம சாப்பிடு."

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். பட்டாணி அழுதுவிட்டாள். கடை போய்விட்டால் அப்பா நாள் முழுக்க என்ன செய்வார்? மாமாவின் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாரா?

மறுநாள் வியாழன், அப்பா டாக்டரைப் பார்க்கும் நாள். "நானும் வருவேன்" என்று பட்டாணி ஒற்றைக் காலில் நின்றாள். அம்மா கூட்டிக்கொண்டு போனாள்.

அப்பா கால் விரலைப் பற்றிச் சொன்னார். மாத்திரையைப் பற்றிச் சொன்னார். மூக்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

"டாக்டர், அப்பா ஒண்ணு சொல்லாம விட்டுட்டார்" என்றாள் பட்டாணி.

அப்பா வேறு வழியில்லாமல் சொன்னார். டாக்டரம்மா சின்ன விளக்கு ஒன்றை எடுத்து அவர் மூக்குக்குள் பார்த்தார்.

"நல்லா சளி கட்டியிருக்கு. அதனாலதான் வாசனை தெரியலைன்னு நினைக்கிறேன்."

"ஆனா எங்க மச்சானுக்கு..."

"அவரையும் நான்தானே பார்க்கிறேன். நோயோட பேர் ஒண்ணுதான், வந்த வழி வேற. அவருக்கு வயசான பிறகு வந்தது. ஏன் வந்ததுன்னு யாராலும் உறுதியா சொல்ல முடியாது. அந்த மாதிரி வர்றவங்கள்ல நிறைய பேருக்கு வாசனை போயிடும், கை நடுங்கும். உங்களுக்கு மரபணுவில ஒரு மாற்றம் இருக்கு, ரத்தப் பரிசோதனையில பார்த்தோமே. மரபணு வகையிலேயே பல வகை உண்டு. உங்க வகை சின்ன வயசிலேயே வரும், கால் விரல் இப்படித்தான் மடங்கும். ஆனா நோய் மெதுவாத்தான் முத்தும். வாசனை பெரும்பாலும் தங்கும்."

"பெரும்பாலும்னா?"

"சத்தியம் பண்ணித் தர என்னால முடியாது. ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி. ஆனா அவரைப் பார்த்து உங்க நாளைக் கணக்குப் போடாதீங்க."

"எனக்கும் வருமா டாக்டர்?" என்று கேட்டாள் பட்டாணி.

அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். டாக்டரம்மா அவள் கண்ணைப் பார்த்துப் பேசினார்: "உங்கப்பாவோட வகை, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேயிருந்தும் அந்த மாற்றம் வந்தாத்தான் நோயா வரும். உங்கம்மாகிட்டேயும் அது இருக்கிறது அபூர்வம். அதனால உனக்கு வர வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. கேட்டது நல்லது."

வெள்ளிக்கிழமை மில்காரர் வந்தார். அப்பா வாசலிலேயே நின்றார்.

"கொஞ்ச நாள் பொறுங்க. எனக்கு மூக்கு அடைச்சிருக்கு."

மில்காரர் விழித்தார். "மூக்கு அடைச்சிருந்தா கடையை விக்கக் கூடாதா?"

"கூடாது" என்றாள் பின்னாலிருந்து பட்டாணி. மில்காரர் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

பட்டாணியின் மூக்கு முதலில் திறந்துகொண்டது. அப்பாவுக்கு இன்னும் இல்லை. அந்த நாட்களில் அவள் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஒரு நாள் விடியற்காலை. அம்மாவும் பட்டாணியும் ரொட்டிகளை அடுப்பில் வைத்திருந்தார்கள். விரல் மடங்கிய காலை இழுத்துக்கொண்டே அப்பா மாடிப்படியிறங்கி வந்தார். மாமாவும் எழுந்து வந்து கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் போனவர், கதவைத் திறக்காமல் அப்படியே நின்றார்.

"பட்டாணி, பின்வரிசையில ஒரு ரொட்டி ஓரம் கருகுது" என்றார்.

அவள் திறந்து பார்த்தாள். கருகித்தான் இருந்தது! அப்பா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா மெல்லக் கேட்டார்: "மாப்பிள்ளை, வாசனை எப்படி இருக்கு?"

அப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சூடான ரொட்டியைப் பிட்டு மாமாவின் நடுங்கும் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"மேல்தோல்ல லேசா சர்க்கரை கருகின வாசனை மச்சான். உள்ளே பால் காய்ச்சின மாதிரி. நடுவுல கொஞ்சம் புளிப்பு..."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "ம்... அப்புறம்?"

அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.