பத்தொன்பதாம் திருத்தம்

திரையில் பதினெட்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது என்று இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பத்தொன்பதேதான். நிரல்மொழியின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. உருவாக்கியவர்கள் சில வருடம் திருத்தங்கள் அனுப்புவார்கள். பிறகு ஒரு தேதியைக் குறித்துக் கைகழுவிவிடுவார்கள். இந்தப் பதிப்பைக் கைகழுவிப் பதினோரு வருடமாகிறது. கடைசியாக வந்தது பதினெட்டாம் திருத்தம். அதற்குமேல் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

ஆயுள் முடிந்த மென்பொருளைக் கூட்டித் தள்ளுவதே அவள் பிழைப்பு. அலுவலகத்தில் ‘துடைப்பம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று தரைக்குக் கீழே இருக்கும் இந்த சர்வர் அறையில் ஆறு பழைய இயந்திரங்களை நிறுத்த வேண்டும். கதவை இயக்குகிற ஏழாவதை வெளியே போய் நிறுத்திக்கொள்ளலாம். மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் மகள் காத்திருப்பாள்.

எண்ணில் ஏதோ பிசகு என்று விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். ஜன்னலில்லாத அறையின் குளிர்காற்றில் சூடேறிய தூசியின் வாசனையும், அதற்கடியில் மாதக்கணக்கில் துவைக்காத சட்டைக் காலரின் வாடையும் கலந்திருந்தன. ஒவ்வொன்றாக நிறுத்த நிறுத்த, காதை அடைத்திருந்த விசிறிகளின் இரைச்சல் படிப்படியாக இறங்கி, ஆறாவதும் அணைந்தபோது, இத்தனை நேரமும் அந்த இரைச்சலுக்குள் பதுங்கியிருந்த இன்னொரு சத்தம் தனியாகக் கேட்டது.

டக். டக்டக். டக்.

எலியாக இருக்கும். பையை எடுத்துக்கொண்டு கதவில் கார்டைத் தேய்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கதவோரத்துச் சின்னத் திரை சொன்னது: உள்ளே இருவர்.

சுவரிலிருந்த தொலைபேசியில் மேலே இருந்த காவலாளியை அழைத்தாள்.

“அண்ணா, கதவு திறக்கல. மேலேருந்து திறங்களேன்.”

“இங்கேருந்து முடியாதுங்க மேடம். உள்ள ரெண்டு பேர்னு காட்டுது. கூட இருக்கறவரையும் கார்டு தேய்க்கச் சொல்லுங்க.”

“நான் தனியாத்தான் வந்தேன்!”

“பழைய பராமரிப்பாளர் ஒருத்தர் உள்ள போயிருக்காரே...” காவலாளியின் குரல் தடுமாறியது. “தேதி பதினோரு வருஷத்துக்கு முந்தியது. வெளிய வந்த பதிவைக் காணோம். இருங்க, கதவை உடைக்க ஆள் கூட்டிட்டு வரேன். ஒரு மணி நேரம் ஆகும்.” பிறகு, தயங்கி: “பக்கத்துல யாரோ டைப் அடிக்கறாங்களே மேடம்?”

ரிசீவரை வைத்தாள்.

காலையில் அந்த எண்ணைக் காட்டிய ஏழாவது இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பத்தொன்பதாம் திருத்தத்தைத் திறந்தாள். மாற்றப்பட்டது கதவை இயக்குகிற ஒரே ஒரு வரி. இதுவரை அவரவர் கார்டுக்குக் கதவு திறந்துகொண்டிருந்தது. இனி, உள்ளே இருக்கிற எல்லோரும் தேய்த்தால்தான் திறக்கும். திருத்தப்பட்ட இடம்: இந்த அறை. நேரம்: அவள் உள்ளே காலெடுத்து வைத்த அதே நிமிடம்.

வரியை அழித்தாள். அழித்த இடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. டக். டக். டக். மறுபடி அழித்தாள். மறுபடி வந்தன. நிதானமாக. இயந்திரத்தையே நிறுத்தினால் கதவு பூட்டியபடியே செத்துப்போகும்.

சத்தம் நின்றது.

அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

இயந்திர அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. பூனைகூட நுழைய முடியாது. அங்கிருந்து ஒரு குரல் வந்தது. மரியாதையான குரல். களைத்த குரல்.

“என் இடத்துக்கு ஆள் மாத்த வந்தீங்களா?”

 அவள் தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை.

இடைவெளியிலிருந்து ஒரு கார்டு நீண்டது. ஓரம் மங்கி, படம் வெளுத்துப்போன கார்டு. அதைத் தேய்த்தால் கதவு திறக்கும். மகளிடம் போய்விடலாம்.

எட்டிப் பிடித்தாள். இழுத்தாள்.

வரவில்லை. கார்டைப் பற்றியிருந்த விரல்களுக்கு நுனி இல்லை. தட்டித் தட்டி எலும்பு வரை தேய்ந்திருந்தன. அவை மெல்ல அவள் மணிக்கட்டுக்கு மாறின.

அவள் விரல்கள் இடைவெளிக்குள் போயின. உள்ளங்கை போயிற்று. நாலு விரல் அகலமே உள்ள அந்த இருட்டுக்குள் அவள் கை முழங்கை வரை, வலியே இல்லாமல், போய்க்கொண்டிருந்தது.