தோற்ற ராஜாவின் பக்கம்

ஒரு ராஜா இருந்தார். சுண்டுவிரல் உயரம்தான் இருப்பார். மரத்தால் ஆனவர், நிறம் கறுப்பு. எத்தனை முறை ஆட்டத்தை நடத்திப் பார்த்தாலும் அவர் தோற்றுத்தான் போவார். ஏனென்றால், அந்த ஆட்டம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன ஆட்டம்.

எங்கோ ஒரு தூர தேசத்தில் நடந்த பெரிய போட்டியில் யாரோ இருவர் ஆடியது அது. அதன் நகர்த்தல்களைக் கலையரசன் சார் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டார். கள்ளக்குறிச்சியில் இருந்த அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் செஸ் வகுப்பு.

"ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்துக்குங்க. ஒருத்தர் வெள்ளைக்காகப் பேசணும், ஒருத்தர் கறுப்புக்காக. கறுப்பு எந்த எடத்துல தப்பு பண்ணுச்சுன்னு திங்கக்கிழமை எனக்குச் சொல்லணும்."

வகுப்பில் சலசலப்பு எழுந்தது. எல்லாருக்கும் வெள்ளைதான் வேண்டும்.

"தோத்துப் போனவனுக்காக எவன்டா பேசுவான்?" என்றான் அஜித்.

எப்படியோ இருவர் இருவராகச் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த சங்கவி. கல்வராயன் மலையில் இருக்கும் கரியாலூர்ப் பெண்.

"சார், சங்கவிக்கு ஜோடி இல்ல."

"அவளுக்கு எதுக்கு சார் ஜோடி? மலையில கரடிகூட ஆடிப் பழகினவ!" என்றான் அஜித். வகுப்பு சிரித்தது.

கரடியாக இருந்தால் காய்களைத் தின்றுவிட்டிருக்குமே என்று சங்கவி நினைத்தாள். நல்ல பதில்தான். ஆனால் அதை யாரிடம் சொல்வது?

"ரெண்டு பக்கத்தையும் நீயே பார்த்துக்கிறியாம்மா?" என்று கேட்டார் சார். அவள் தலையை ஆட்டினாள்.

சனிக்கிழமை காலையிலேயே எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிட, பள்ளி விடுதி காலியாகிவிட்டது. வகுப்பில் செஸ்ஸில் கெட்டிக்காரியான சுபஸ்ரீயும் நைனார்பாளையம் பேருந்தைப் பிடிக்க ஓடினாள். சங்கவி எங்கே போவாள்? அப்பாவும் அம்மாவும் மிளகு பறிக்கக் கேரளத்துக்குப் போயிருந்தார்கள். கரியாலூர் வீடு பூட்டிக் கிடந்தது.

சாப்பாட்டு அறையில் நீள மேசையின் ஓரத்தில் அவள் பலகையை விரித்தாள். வெள்ளையை நகர்த்தினாள். எழுந்து மேசையைச் சுற்றிப் போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கறுப்பை நகர்த்தினாள். மறுபடியும் எழுந்தாள்.

சமையல்கார அம்சவள்ளி அக்கா வெங்காயம் உரித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது, மேசையச் சுத்திக்கினே கீற? தல சுத்தல?"

"கறுப்பு நகர்த்தணும்க்கா."

"அதுக்கு எதுக்கு எழுந்து போற? ஒக்காந்த எடத்துலேர்ந்தே நகர்த்தேன்."

"அப்ப எதிர்ல யாருமே இல்லாத மாதிரி ஆயிடும்க்கா."

அக்கா காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

ஆட்டத்தின் முடிவு வினோதமாக இருந்தது. வெள்ளை தன் ராணியையே கொண்டுபோய்க் கறுப்பு ராஜாவின் பக்கத்தில் நிறுத்தியது. கறுப்பு யானை அந்த ராணியை வெட்டியது. உடனே வெள்ளைக் குதிரை ஒரே துள்ளலில் வந்து நின்றது. அவ்வளவுதான், ராஜா மாட்டிக்கொண்டார்.

யானை ராணியை வெட்டியதுதான் தப்போ? வெட்டாமல் விட்டுப் பார்த்தாள். முடியவில்லை. ராஜாவே வெட்டலாமா? அதுவும் முடியாது, குதிரை காவலுக்கு நின்றது. அப்படியானால் தப்பு எங்கே? மாலை வரை மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. ராஜா ஒவ்வொரு முறையும் அதே மூலையில் தோற்றார்.

அன்றிரவு ஒரு முடிவோடு படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா பேசும்போது சொல்லிவிட வேண்டும்: 'என்னை இங்கேயிருந்து கூட்டிக்கினு போயிடுப்பா.'

மறுநாள் விடுதிக் காப்பாளரின் கைபேசியில் அப்பாவின் குரல் கேட்டது.

"இன்னா கண்ணு, சாப்பிட்டியா?"

"உம். அப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு கண்ணு. நம்ம ஆடுங்களப் பத்திக் கவலப்படாத. சித்தப்பாதான் பார்த்துக்குது. எத அடைச்சாலும் பட்டியில பின்சந்த மட்டும் அடைச்சுடாதன்னு சொல்லிட்டு வந்தேன். போன வருசம் ஆன மாதிரி ஆயிடக் கூடாது பாரு."

சங்கவிக்கு அது நன்றாக நினைவிருந்தது. ஆபத்து வந்தால் ஆடுகள் தப்பி ஓட, ஆட்டுப்பட்டியின் பின்பக்க வேலியில் ஒரு சிறு சந்து விடுவது அவர்கள் ஊர் வழக்கம். போன வருடம் குளிர்காற்றுக்குப் பயந்து அப்பா அதை முள்ளால் அடைத்துவிட்டார். ஒருநாள் முன்பக்கம் செந்நாய் வந்து நின்றது. ஆடுகள் எல்லாம் மிரண்டு பின்மூலையில் முண்டியடித்தன. நாயால் வேலியைத் தாண்ட முடியவில்லை. எந்த ஆட்டின் மேலும் அதன் பல் படவில்லை. ஆனாலும் குட்டிகள் சில நெரிசலிலேயே செத்துப்போயின.

சங்கவியின் கண்முன் அந்தப் பட்டி மறைந்து, செஸ் பலகையின் மூலை தெரிந்தது.

"அப்பா, நான் வெச்சுடறேன்!"

"ஏதோ சொல்லணும்னியே?"

"அப்புறம் சொல்றேன்பா!"

அவள் பலகைக்கு ஓடினாள். ராஜாவுக்குப் பக்கத்தில் அவருடைய யானை. முன்னால் அவருடைய சிப்பாய்கள். எதிரி எங்கேயோ நிற்க, அவரை அசையவிடாமல் நெருக்கிக்கொண்டிருந்தவர்கள் அவருடைய ஆட்களே!

நகர்த்தல்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எடுத்தாள். நடுவில் ஓரிடத்தில் கறுப்புக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. அந்த நேரத்தில் கறுப்பு ராணி பலகையின் மறுகோடிக்குப் போய் ஒரு சிப்பாயைத் தின்றுவிட்டு வந்திருந்தது. அதற்குப் பதிலாக, ராஜாவுக்கு முன்னால் நின்ற ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினாள்.

இப்போது வெள்ளைக் குதிரை துள்ளி வந்தது. ராஜா நிதானமாக அந்தச் சந்துக்குள் இறங்கிக்கொண்டார்.

"தப்பிச்சிட்டாரு!" என்று கூவிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நீள மேசை காலியாகக் கிடந்தது.

திங்கட்கிழமை முதலில் எழுந்தவள் சுபஸ்ரீ.

"யானை ராணிய வெட்டினதுதான் சார் தப்பு."

"சங்கவி, நீ என்னம்மா சொல்ற?"

"வெட்டாம இருக்க முடியாது சார். அந்த எடத்துல கறுப்புக்கு வேற வழியே கெடயாது."

"சுபஸ்ரீ அவுட்டு!" என்று கத்தினான் அஜித். வகுப்பு சிரித்தது. சுபஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தச் சிரிப்பு எப்படிக் குத்தும் என்பது சங்கவிக்குத் தெரியும்.

"சிரிக்காதீங்க," என்றாள். அவள் குரல் அத்தனை உரக்க அந்த வகுப்பில் ஒலித்தது அதுவே முதல் முறை. "சனிக்கிழம பூரா நானும் அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். அங்க நின்னு பார்த்தாதான் அதுக்கு முந்தின தப்பு தெரியும்."

பிறகு பலகையில் அந்தச் சிப்பாயை நகர்த்திக் காட்டினாள். பட்டியைப் பற்றியும் சொன்னாள்.

"ஆட்டுக்குட்டிக்கும் ராஜாவுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றான் அஜித்.

"ரெண்டுக்கும் சந்து வேணும். கரடிக்குத்தான் வேணாம், அது வேலியப் பிச்சிக்கினு போயிடும்."

அஜித்தே சிரித்துவிட்டான். கலையரசன் சார் அந்த நகர்த்தலைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் 'சங்கவி' என்று எழுதினார்.

அன்று மாலை, சாப்பாட்டு அறையில் சங்கவியின் எதிரே சுபஸ்ரீ வந்து நின்றாள். கையில் பலகை. முகத்தில் கடுகடுப்பு.

"நீ சொன்னது தப்பு."

"எது?"

"அந்தச் சிப்பாய நகர்த்தினா வெள்ளை சும்மா இருக்குமா? என் மந்திரியக் குடுத்தாவது அந்தச் சிப்பாய வெட்டி, உன் சந்தையே ஒடச்சிடுவேன். ஒக்காரு, காட்டறேன்."

"ஒடைய வுட்டுடுவேனா? ஆடு பார்க்கலாம்."

காய்கள் நகர்ந்தன. மந்திரி சிப்பாயை வெட்டியது. சங்கவி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். அந்த நேரம் பார்த்துக் காப்பாளர் கைபேசியோடு வந்தார்.

"நேத்து ஏதோ சொல்ல வந்தியே கண்ணு," என்றது அப்பாவின் குரல். "அதுலேர்ந்து எனக்கு மனசே கேக்கல. இன்னா அது?"

சங்கவி பலகையைப் பார்த்தாள். எதிரே முகவாயைக் கையில் தாங்கி, காலை ஆட்டிக்கொண்டு, பொறுமை இழந்து உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. அப்புறம் பேசறேன். இங்க சுபஸ்ரீ காத்துக்கினு இருக்கா."